மதகுப் பக்கம் விட்ட மீன்கள்

வலைக்கார அண்ணனை நினைத்தால் அவர் கையிலிருந்த கத்தரிக்கோல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மீன் பிடிப்பவருக்குக் கத்தரிக்கோல் எதற்கு என்று நானும் ஒருநாள் கேட்டேன். பாரிவாக்கம் ஏரிக்கரை, ஞாயிற்றுக்கிழமைக் காலை. வழக்கம்போல விரால் வாங்கப் போயிருந்தேன். அவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் முழங்கை நீளத்துக்குக் கறுப்பு மீன்கள். உடம்பெல்லாம் ஓடு, துடுப்பெல்லாம் முள், அடியில் உறிஞ்சும் வாய். இழுத்தால் முள் இன்னும் சிக்கும் என்பதால், மீனை விட்டுவிட்டு வலையைத்தான் கண்ணி கண்ணியாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது இன்னா எழவு மீனோ தெரியலம்மா. துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. கரையில தூக்கிப் போட்டாலும் ரொம்ப நேரம் உசுரோட கீது. காக்கா கூட சீண்ட மாட்டேங்குது. எவனோ பாவி கொண்டாந்து உட்டுக்கிறான்."

எனக்கு அந்த மீனைத் தெரியும். அந்தப் பாவியையும் தெரியும். விராலை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

தேனிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, பாரிவாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிய புதிதில் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தோம். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கடைக்காரர் இரண்டு 'டேங்க் கிளீனர்' மீன்களைக் கொடுத்தார். விரல் அளவில் வந்தவை, தொட்டிக்குள் திரும்பக்கூட முடியாதபடி வளர்ந்துவிட்டன. கொல்ல மனசு வரவில்லை. பக்கெட்டில் எடுத்துப்போய் ஏரியில் விட்டேன். அதோடு நின்றிருக்கலாம். எனக்குத்தான் நல்லது செய்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே! வீடியோ எடுத்து, 'விடுதலை' என்று எழுதி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. அதைப் பார்த்துவிட்டு மேலும் நாலைந்து வீட்டுக்காரர்கள் பக்கெட்டோடு கிளம்பினார்கள். எங்கே விடலாம் என்று கேட்டவர்களிடம், மதகுப் பக்கம் ஆழம் அதிகம், அங்கே விடுங்கள் என்று வழி சொன்னதும் நான்தான்.

ஏரிக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். இந்த மீன் அடித்தரையில் ஊர்ந்து பாசியை வழிக்கும்போது மற்ற மீன்களின் முட்டைகளும் அதன் வாய்க்குள் போய்விடுமாம். கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடுமாம். அதைப் பிடித்துத் தின்ன நம் ஏரியில் யாரும் இல்லை. அண்ணன் இதையெல்லாம் படிக்காமலே சொன்னார்: "கெண்டக் குஞ்சே கண்ணுல படலம்மா." வாரத்துக்கு வாரம் அவருடைய கூடையில் விரால் குறைந்தது. வலையில் ஓட்டைகள் கூடின.

ஒருநாள் கேட்டார்: "நீ படிச்ச பொண்ணு. கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடும்மா." மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுதினேன். நன்றாகவே எழுதினேன். 'யாரோ சில பொறுப்பற்ற நபர்கள்' என்ற இடம் வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையே எழுதி முடித்தேன். படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரி வந்ததும், "அப்டிப் போடு!" என்று தொடையில் தட்டினார். அன்று கிடைத்த ஒரே விராலை என் பையில் போட்டு அனுப்பினார். குழம்பு வைத்தேன். ருசியாகத்தான் இருந்தது. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாளில் அண்ணன் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் ஏரி முழுக்கப் பெருகிவிட்டதை எந்த மனு திரும்ப எடுக்கும்? அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அவர் வலையைச் சுருட்டிவிட்டார்.

இப்போது ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார். போன மாதம், சொல்லியே தீர்வது என்று கிளம்பிப் போனேன். தொளதொள நீலச் சட்டையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். ஏரிக்கரையில் அவர் எனக்காக ஒருநாளும் எழுந்ததில்லை. உட்கார்ந்தபடியே அதட்டுவார்.

"அண்ணே, அந்த மீனை ஏரியில விட்டது நான்தாண்ணே. மத்தவங்களையும் நான்தான் விடச் சொன்னேன்."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "தமாசு பண்ணாதம்மா. நீயாவது, உடறதாவது! எங்களுக்காக ஒரு லெட்டர் எழுத எவன் வந்தான்? நீதான வந்த!"

ஒரு கார் ஹாரன் அடித்தது. ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "டீ சாப்புடறியாம்மா?" என்றார்.

இன்னொரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான் சரி என்று தலையாட்டினேன்.