முதுகு காட்டி நின்ற ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் முழுப்பரீட்சை லீவில், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு வேன் பிடித்துப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

அங்கே ஓர் அறிவியல் கூடம் இருக்கிறது. தொட்டு, சுழற்றி, இழுத்து, ஊதிப் பார்க்கத்தான் அங்குள்ள எல்லாமும். என் மகளும் கொழுந்தனார் மகளும் ரொம்ப நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனாருக்கு வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. போனால் இரண்டு வருடம். அதற்குள் எல்லோரும் சேர்ந்து போய் வர வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. என் ஆசை வேறு. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

இருவரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். ஒரு விடிகாலையில் ஐஸ் ஏற்றி, வலையை அடுக்கி அண்ணன் கரையில் காத்து நிற்க, தம்பி வரவில்லை. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்ல அவருக்குப் பயம். சொல்லாமல் போனது இவருக்கு அவமானம். பெட்டியில் ஐஸ் தண்ணீரானது, பேச்சு மட்டும் உறைந்துபோனது.

ஆனால் சேதி நிற்கவில்லை. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தம்பி நிற்பார். “தண்ணி மோட்டார் போட்டாச்சான்னு அவன்ட்ட கேளு” என்பார் இவர், என்னைப் பார்த்து. நான் வாய் திறப்பதற்குள், “போட்டாச்சுன்னு சொல்லுங்க மைனி” என்பார் அவர், அவரும் என்னைப் பார்த்தே. நடுவில் நான், சம்பளமில்லாத தபால்காரி.

ஆகவே திட்டம் போட்டேன். ஞாயிறுதான் தோது. அன்றைக்கு எங்கள் கரையில் வள்ளம் இறங்காது. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் கிளம்பிவிடலாம். அறிவியல் கூடத்துக்குப் போன் போட்டு, உள்ளே சாப்பிட இடம் உண்டா என்று கேட்டேன். எடுத்த பெண் சிரித்துக்கொண்டே, “மரத்தடியில சாப்பிடுங்கக்கா, இலையை மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க” என்றாள். அந்த மரத்தடியை வைத்துத்தான் என் மொத்தத் திட்டமும். புளிச்சோறும் சீலா மீன் வறுவலும் கட்டுவது, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து நானே பரிமாறுவது. சோற்றுக்கு முன்னால் எத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

இவரைக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்தது. “நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க.”

“சரி. அப்ப வேன்ல முன் சீட்டுல அவர உக்காரச் சொல்லுதேன்.”

“அவன் எதுக்கு முன்னால? நான் வாரேன்.”

வேனில் இவர் முதல் சீட்டு, தம்பி கடைசி சீட்டு. இடையில் இரண்டு குடும்பத்துச் சிரிப்பும் பாட்டும். மரத்தடியில் இலையைப் போட்டேன். இவர் உட்கார்ந்தார். எதிர் இலையில் சோறு வைத்ததும் கொழுந்தனார் அதை அப்படியே கையில் ஏந்திக்கொண்டு, “டிரைவர் தனியா சாப்பிடுதாரு மைனி” என்று வேனுக்குப் போய்விட்டார். வறுவல் இரண்டு துண்டு கூட வைத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய? என் திட்டம் அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் போனோம். புல்வெளியின் இரண்டு கோடியிலும் ஆளுயரத்தில் இரண்டு பெரிய கிண்ணங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒன்றின் முன்னால் முணுமுணுத்தால் மற்றதன் முன்னால் நிற்பவருக்குக் கேட்கும். பேசுகிறவர் தன் கிண்ணத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதால், இருவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டித்தான் நிற்பார்கள். பிள்ளைகள் கொழுந்தனாரை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடினார்கள். இந்தப் பக்கம் நானும் இவரும்.

“பெரியப்பா, கேக்குதா?” கிண்ணத்திலிருந்து குரல் வந்தது. இவர் கிண்ணத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். “ஸ்பீக்கர் வச்சிருப்பானுவ. ரேடியோ மாதிரி வரத்தான் செய்யும். இங்கனயிருந்து போகவா போவுது?”

சலித்துப்போன பிள்ளைகள் கண்ணாடி அறைக்கு ஓட, ஓரகத்தியும் பின்னாலேயே போனாள். கொழுந்தனார் மட்டும் அந்தக் கிண்ணத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அண்ணனும் நகரவில்லை. கிண்ணத்தைப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில், என்னிடம் சொன்னார்: “போற எடத்துல வெயிலு மண்டையப் பொளக்கும். தலையில துணி இல்லாம நிக்காதன்னு அவன்ட்ட சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி, “இவ்வளவு தூரம் போகணுமான்னும் கேளு.”

கேட்டுவிட்டு வரலாம் என்று நான் இரண்டு எட்டு வைத்திருப்பேன். கிண்ணம் பேசியது.

“சரிண்ணே.”

அண்ணே என்ற சொல்லை அந்தக் குரலில் கேட்டு எத்தனை காலம். பிறகு ஒரு மூச்சு. “அன்னைக்கே சொல்லிருக்கணும்ண்ணே. ஒங்க முகத்தப் பாத்துச் சொல்ல தெம்பில்ல.”

இவர் திடுக்கிட்டுத் திரும்பப் போனார், ஆனால் திரும்பவில்லை. தம்பியும் திரும்பவில்லை என்பதை நான் பார்த்தேன். இவ்வளவு புல்லுக்கு இரண்டு பக்கமும், இரண்டு முதுகுகள். இவர் என் பக்கம் கையை லேசாக ஆட்டினார், போ என்று. நான் தள்ளிப் போனேன். ஆனாலும் காது அங்கேதான் இருந்தது.

“பிளேனு என்னைக்குல?”

அந்தப் பதில் எனக்குக் கேட்கவில்லை. அது இவருக்கு மட்டும் வந்தது.

“அப்ப சனிக்கிழம நான் கடலுக்குப் போகல. நானும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வாரேன்” என்றார் இவர், கிண்ணத்திடம்.

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. திரும்பும்போதும் முதல் சீட்டும் கடைசி சீட்டும்தான். ஆனால் வழியில் டீக்கு நிறுத்தியபோது ஒருவர் இரண்டு கிளாஸ் வாங்கி வந்தார், மற்றவர் அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லியனுப்பவில்லை. சும்மா நின்ற என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத்தான் தெரியவில்லை.

நேருக்கு நேர் உட்கார வைத்தால் மனசு திறந்துவிடும் என்று நம்பித்தான் இலை போட்டேன். சில மனிதர்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க ஓர் இடம் கொடுத்தால் போதும், சொல் தானாகவே வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதிலிருந்து, யாரையும் யாருக்கும் எதிரே பிடித்து உட்கார வைக்க எனக்குக் கை வருவதில்லை.