மரத்துப்போன பத்து மாதங்கள்

என் நோயை முதலில் கண்டுபிடித்தது மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. அன்று காலை கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுத் திரும்பியபோது, முதல் பெஞ்சில் இருந்தவள் கேட்டாள்: "டீச்சர், ஒங்க இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுமையாக, புழுதி படிந்திருந்தது. ஆண்டாப் ஹில்லில் பேருந்து ஏறியதிலிருந்து வகுப்பறை வரை எங்கோ அது கழன்று விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் பக்கத்துக் கடையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது செப்டம்பர் மாதம்.

அதற்குப் பத்து நாள் முன்னால் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதனால் வந்த பலவீனம் என்று நினைத்துக்கொண்டேன். தெரு முனையில் இருந்த மருத்துவரும் அப்படித்தான் நினைத்து சத்து மாத்திரை கொடுத்தார். அடுத்த நாள் பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அதற்கு மறுநாள் எறும்பு முழங்காலுக்கு ஏறியது. நான்காம் நாள் வீட்டுப் படியில் கால் மடிந்து உட்கார்ந்தேன். எழ முடியவில்லை.

என் கணவர் சான்பாடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். அவர் வந்து சேர்வதற்குள் என் மாமனார் டாக்ஸி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். மாமா முப்பத்தெட்டு வருடம் பம்பாயில் டாக்ஸி ஓட்டியவர். அன்று முன்சீட்டில் உட்கார்ந்து, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மருத்துவர் ஒரு சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மின்சாரம் வைத்துப் பார்ப்பது) செய்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மாலையில் பெயர் சொன்னார்கள்: குயில்லன் பாரே சிண்ட்ரோம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமியோடு சண்டை போட்ட பிறகு, தவறுதலாக நம் நரம்புகளையே தாக்குவது). பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், ஆனால் நாளாகும் என்றார் மருத்துவர். அதற்கு முன்னால் அது எதுவரை ஏறும் என்று பார்க்க வேண்டும், மார்புத் தசைகளுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும் என்று இந்தியில் என் கணவரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

மூச்சைச் சோதிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். ஒருமுறை மூச்சை இழுத்து, அதைக்கொண்டு எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. நான் தமிழில் எண்ணினேன். வாத்தியார் பழக்கம், வேறு மொழியில் எண்ண வராது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் என் கணவர் கூடவே விரல் மடக்கி, நான் நிறுத்திய எண்ணை இந்தியில் சொன்னார்.

முதல் நாள் இரவு இருபத்தாறு. மறுநாள் காலை பதினேழு. மாலையில் நான் எண்ணி நிறுத்தியதும் மருத்துவர் என் கணவரைப் பார்த்தார். "நௌ" என்றார் அவர். ஒன்பது. சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அரைமணி நேரத்தில் என் தொண்டைக்குள் குழாய் இறங்கியது. வென்டிலேட்டரில் (நமக்குப் பதிலாக மூச்சு விடும் இயந்திரம்) பதினொரு நாள் இருந்தேன். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ரத்தக் குழாய் வழியாக ஏறியது.

இதே நோயில் இருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாட்களில் பயம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயம் இல்லை. எதுவுமே இல்லை. உடம்பு மரத்ததோடு மனசும் மரத்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்க வைப்பார்கள். அதுதான் கடிகாரம். அங்கே ஜன்னல் கிடையாது.

நாளைக்கு இரண்டு முறை, பத்து நிமிடம், ஒருவரை உள்ளே விடுவார்கள். என் கணவர் வந்து நிற்பார். 'எப்படி இருக்கே' என்று ஒருநாளும் கேட்கவில்லை. அன்று வீட்டில் என்ன குழம்பு, மகள் தர்ஷினிக்கு எந்தப் பாடத்தில் என்ன மார்க், தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்வார். நான் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் 'கேட்டது' என்று அர்த்தம். அவர் கண் சிவந்திருப்பதைப் பார்த்தேன். பாவம், தூங்கவில்லை போலிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்துக்குக் கீழே கட்டை விரல்கூட அசையவில்லை. குரல் கரகரத்து, ஒரு சொல் இரண்டு சொல் மட்டும் வந்தது. அங்கே என்னைத் துடைத்துவிடுகிற ஆயாவை எல்லோரும் மாவ்ஷி (மராத்தியில் சித்தி) என்று கூப்பிடுவார்கள். நல்ல பெண்மணி. ஒருநாள் என் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முடி சடை பிடித்துவிட்டது, இனி சீப்பு போகாது, ஒட்ட வெட்டிவிடலாம் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். வெட்டலாம் என்றேன். என் இடுப்பு வரை இருந்த முடி. யாருடைய முடியோ போலத்தான் இருந்தது.

மத்தியான வேளையில் மாமா வந்து இருப்பார். அன்று அவரும் நின்றிருந்தார். "மாவ்ஷி, தோ தின் தே தோ" என்று இரண்டு நாள் தவணை கேட்டார்.

மறுநாள் ஒரு பெரிய பல் சீப்பும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்தார். எங்கள் கட்டிடத்துக்குக் கீழே பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெண்ணிடம் விசாரித்திருக்கிறார். வேரிலிருந்து சீவக் கூடாது, நுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பிடி முடியை எடுத்து எண்ணெய் தடவி, விரலாலேயே பிரிக்க ஆரம்பித்தார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அதுவரை மாமாவின் கை என்மேல் பட்டதில்லை. அத்தை இருந்தவரை அவர் எதையும் அத்தையிடம் சொல்லித்தான் என்னிடம் கேட்பார். அத்தை இறந்த பிறகும் சமையலறை வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல்தான் காப்பி கேட்பார். அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார். இத்தனை வருடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பின்சீட்டோடு பேசிய பழக்கம்.

மூன்று மத்தியானம் ஆனது. தவணை முடிந்த நாளில் மாவ்ஷி கத்திரிக்கோலைக் கொண்டுவரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். ஒரு அம்மா, "அப்பாவா?" என்று மராத்தியில் கேட்டார். மாமா நிமிராமல் ஆமாம் என்றார்.

கடைசி முடிச்சு பிரிந்ததும், பிரிந்த முடியை என் தோளுக்கு மேலே எடுத்துப் போட்டு நான் பார்க்கும்படி வைத்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நன்றி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். உல்லாஸ்நகரிலிருந்து என் அக்கா பேச்சியம்மாள் வந்து மூன்று வாரம் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள், பெட்பான் வைத்தாள். பிறகு அவள் வீட்டில் அவளுடைய மாமியார் விழுந்துவிட்டார். போயாக வேண்டும். என்னையும் கூட்டிப்போகிறேன் என்றாள்.

மாமா அப்போது என் பின்னால் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் பழைய லுங்கியை மூன்று பட்டையாகக் கிழித்துக் கட்டி, தர்ஷினி அவருக்குப் பின்னல் பழக்கியிருந்தாள்.

அக்கா மறைக்கவில்லை. "மாமா, தப்பா நெனைக்காதீங்க. மாமனாரு கையால மருமவ தல சீவிக்கிடுதது எங்கயும் உண்டா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாவ?" என்றாள்.

மாமா பின்னலை முடித்து ரப்பர் பேண்டைப் போட்டார். பிறகு சொன்னார்: "குளிப்பாட்டுததுக்கு ஒரு பொம்பளையாளு சொல்லியிருக்கேன். காலையும் சாயங்காலமும் வரும். மத்தது நான் பாத்துக்கிடுவேன். அவளுக்கு அங்க வரணும்னா கூட்டிட்டுப் போங்க. அவட்ட கேளுங்க."

என் வாழ்க்கையில் யாரும் இப்படி என்னிடம் கேட்கச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்று உறைக்கவில்லை. உல்லாஸ்நகர் வரை வண்டியில் தூக்கிப் போவதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. "இங்கயே இருக்கேன்க்கா" என்றேன். பிரியத்தால் சொன்னதல்ல. அலுப்பால் சொன்னது. அக்கா அழுதுகொண்டே போனாள்.

அதன் பிறகு எங்கள் ஒற்றை அறையில் பகல் பொழுது மாமாவும் நானும்தான். பத்தரைக்கு இட்லி. பன்னிரண்டுக்கு மோர். கரண்டியை என் வாய்க்குக் கொண்டுவரும்போது அவர் ஜன்னலைப் பார்ப்பார், ஆனால் கரண்டி ஒருதரம்கூடத் தவறியதில்லை. என் மூக்கு அரித்தால் எப்படியோ தெரிந்துகொண்டு துண்டு நுனியால் தேய்த்துவிடுவார். பிசியோதெரபி (தசைகளை மறுபடி பழக்கும் பயிற்சி) செய்ய வருகிறவர் சொல்லிக்கொடுத்ததை, மாலையில் வேலையிலிருந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றியதும் ஆரம்பிப்பார். காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, நூறு தடவை. தர்ஷினி என் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது போல, இதையும் ஒரு வேலையாகச் செய்தார்கள்.

நான் அதை ஒரு வேலையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பு என்றால் வேறு மாதிரி இருக்கும் என்று எங்கோ படித்த நினைப்பு.

நாலாவது மாதம் வலது கை ஒரு துணியைப் பிடித்தது. ஆறாவது மாதம் வாக்கரில் நின்றேன். அசைவு திரும்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. சுடுவதும் குளிர்வதும் கையில் தெரியாது. ஒருநாள் வாணலியைத் தொட்டு, தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். டீயை மாமா தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

அந்த நாட்களில் ஒருமுறை அவரிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் முடியை வெட்டவிடவில்லை என்று. பெரிய காரணம் எதையோ எதிர்பார்த்தேன். "சிக்குதான. எடுத்தா வந்துரும்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலையில் நல்ல மழை. ஒருநாள் மாமா பத்தரைக்கு எழுந்து வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. சுவரோரக் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தார். "ஒண்ணுமில்ல, லேசா ஒடம்பு வலி" என்றார். கணவர் ஷிப்டில் இருந்தார். தர்ஷினி பள்ளியில்.

என் நாற்காலியிலிருந்து அவர் கட்டிலுக்கு எட்டு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். என் கை பாதி வழியில் நின்றது. மாமனாரின் நெற்றி என்ற தயக்கம்தான். அவர் என் தலையை எத்தனை முறை தொட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. தொட்டிருக்கிறேன் என்பதே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையின் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. மெதுவாக விரல்களுக்குப் பரவியது.

மாமா கண்ணைத் திறந்தார். "சூடு தெரியுதா?" என்றார்.

"ஆமா மாமா. நூத்திரண்டு இருக்கும். மாத்திரை தாரேன்."

"அதக் கேக்கல" என்றார். நடுங்கிக்கொண்டே, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஒனக்குத் தெரியுதா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "தெரியுது மாமா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாத்திரை கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன். ஈரத் துணியை நெற்றியில் போட்டேன். துணி குளிர்ந்திருந்தது. அதுவும் தெரிந்தது. உடனே என் கணவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பிறகு, சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. இப்போது நான் பள்ளிக்குப் போகிறேன், அரை நாள் மட்டும். என் பாதங்கள் இன்னும் பாதிதான் திரும்பியிருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு நாளைப் பள்ளி மணியடிக்கும் நேரங்களாகப் பிரித்து வைத்திருந்தேன். இப்போது அப்படி வரவில்லை. ஒரு டம்ளரைப் பிடித்துக் கீழே வைக்கிற நேரம் தனியாக ஒரு பொழுதாக நிற்கிறது.

காய்ச்சல் வந்த அன்று மாமா தூங்கிய பிறகும் நான் நகரவில்லை. நெற்றித் துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டு கட்டிலோரம் நின்றிருந்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கால் வலிக்க ஆரம்பித்தது. வலிக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.