முன்வாசல் வழியே யோகப்பிரியா

கொழிஞ்சாம்பாறையில் யோகப்பிரியாவைத் தெரியாத துணிக்கடைக்காரர் கிடையாது. எல்லாரும் அவளுக்கு ரோட்டில் வைத்துச் சேலை விற்றவர்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சக்கர நாற்காலி; கடைகளுக்கோ மூன்று படி, நான்கு படி. "அம்மிணி, நீ அங்கயே இரு, நாங்க கொண்டாறோம்" என்று நாலு சேலையை வெயிலில் விரித்துக் காட்டுவார்கள். அதை உபகாரம் என்று வேறு நினைத்துக்கொண்டார்கள். எதிரே பேக்கரி நடத்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கடைக்கும் இரண்டு படி உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.

அவள் பாலிடெக்னிக் முடித்து, பொள்ளாச்சியில் தானியங்கிக் கதவு பொருத்தும் வேலையில் சேர்ந்தாள். நஞ்சப்பன் புதுத் துணிக்கடை கட்டியபோது விடாமல் நச்சரித்து, படிக்குப் பதில் சரிவுப்பாதையும், ஆள் வந்தால் தானே விலகும் கண்ணாடிக் கதவும் வைக்கச் செய்தாள். "தொறப்பு அன்னைக்கு முன்வாசல்ல போயி, நானே பாத்துச் சேலை எடுக்கோணுமுங்கண்ணா" என்றாள் என்னிடம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

திறப்பு நாள் காலை. கதவு திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. கதவருகே ஒரு ஆள்கூட இல்லை. தள்ளி நின்ற கூட்டம் சிரித்தது. நஞ்சப்பன் முகம் சுண்டிப்போனது.

"கரண்ட்ட நிறுத்துங்கடா! ஒத்தைக் கதவு மட்டும் தொறந்திருக்கட்டும். அம்மிணி, நீ பொறத்தால குடோன் வழியா வந்துரு."

ஒற்றைக் கதவில் நாற்காலி நுழையாது. யோகப்பிரியா கதவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். நஞ்சப்பன் மனைவி செல்லாத்தாள் விடிகாலையில் மாவிலைத் தோரணம் மாட்ட ஆணி தேடியிருக்கிறார். கதவுக்கு மேலே வாகாக நீட்டிக்கொண்டிருந்தது, ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார். அதிலேயே மாட்டிவிட்டார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா இருக்குமா? இலை ஆடும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று கதவு மரியாதையாக வழிவிட்டது. யோகப்பிரியா தோரணத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல நாளும் அதுவுமா தோரணத்தக் கழட்டுவாங்களா?" என்று செல்லாத்தாள் மறித்தார்.

"கீழ எறக்க வேண்டாங்கக்கா. அப்படியே தூக்கி, மேல போர்டுக் கம்பியில மாட்டிரலாமுங்க."

தோரணம் ஒரு முழம் மேலே ஏறியது. கதவு அடங்கி நின்றது. யோகப்பிரியா நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரே வந்தாள். இரண்டு கதவும் விலகின. ஒருவர் கையும் படாமல் உள்ளே போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

உள்ளே இரண்டு மணி நேரம். நஞ்சப்பனே நின்று அறுபது சேலை விரித்தார். பார்டர் பெரிசு என்றாள். சாயம் போகும் என்றாள். ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கடைசியில் எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணும் புடிக்கலீங்க. இன்னொரு நாளைக்கு வாறனுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வாசல் வழியே வெளியேறினாள்.