சொல்லிக்காட்டாமல் கொடுப்பது

வளைகுடாவில், ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர் அம்மையப்பன், பரமக்குடிப் பக்கத்துக்காரர். கேட்டால் இல்லை என்று சொல்லாமல் கொடுக்கிற மனிதர். கொடுத்ததை மறக்கத்தான் அவருக்குத் தெரியாது. நான் வந்த புதிதில் ஒரு போர்வை கொடுத்தார். அந்தக் குளிர் போய் அடுத்த குளிரும் வந்த பிறகு, "என்ன வாசு, என் போர்வையில நல்லாத் தூங்குனீங்களா?" என்று நாலு பேர் முன்னால் விசாரித்தார். அறையில் மூன்றாவது ஆளான கீழக்கரை மீராசா, அவரிடம் வாங்கிய கைலியைத் துவைத்துத் திருப்பியே கொடுத்துவிட்டார். அப்படியும் விசாரணை நிற்கவில்லை.

அவருடைய தங்கை சீதாலட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. லீவில் போனபோது வேலூரில் பரிசோதித்து, அண்ணனுடையது பொருந்துகிறது என்றார்கள். பங்குனியில் ஆபரேஷன், அதற்கு மேல் அவள் உடம்பு தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள். மறுபடி லீவு கேட்டு வாங்க அம்மையப்பன் கேம்ப்புக்குத் திரும்பினார்.

பின்னாலேயே ஊரிலிருந்து வந்தவர் கையில் ஒரு கேசட் வந்தது. கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் அப்போது கேசட்டில்தான் பேசி அனுப்புவார்கள். அம்மையப்பன் டேப்பைப் போட்டார். மூன்று பேரும் கேட்டோம்.

"எனக்கு உன் கிட்னி வேணாம்ணே. கல்யாணத்துக்குப் போட்ட வளையலையே இன்னும் சொல்லிக்காட்டுற. இதைக் குடுத்தா ஆயுசுக்கும் சொல்லுவ. அதுக்கு நான் இப்படியே போயிர்றேன்."

அம்மையப்பன் முகம் செத்துவிட்டது. கத்திக்குப் பயப்படாத மனிதர், தன் வாய்க்குப் பயந்துபோனார். சொல்லாமல் இருக்க எப்படிப் பழகுவது என்று என்னிடம் கேட்டார். தினமும் எதையாவது கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள் என்றேன். பரீட்சை வைக்கிற பொறுப்பை நானும் மீராசாவும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டோம்.

அன்று அவர் காசில் நெய்மீன் வாங்கிப் பொரித்து, நடுத்துண்டை என் தட்டில் வைத்தார். மீன் அருமை, யார் வாங்கியது என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் மடமடவென்று தண்ணீர் குடித்தார். யாரோ தாராள மனசுக்காரர்தான் என்றார் மீராசா. அம்மையப்பன் எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார். அடுத்து மீராசாவுக்குப் புதுச் செருப்பு கொடுத்தார். வெள்ளிக்கிழமை முழுவதும் மீராசா அதைத் தேய்த்துத் தேய்த்து அவர் கண் முன்னாலேயே நடந்தார். அம்மையப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் இந்த மனிதர் தோற்றால் அங்கே ஓர் உயிர் போய்விடுமே என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

கடைசியில் அவர் பதில் கேசட் பேசினார். "சீதா, பழகிட்டேன். நம்பலைன்னா இவங்களைக் கேளு." நான் மீனுக்குச் சாட்சி சொன்னேன், மீராசா செருப்புக்கு. அவள் சம்மதித்தாள்.

பங்குனியில் போனவர், தேறி, மெலிந்து திரும்பி வந்தார். குளிக்கும்போது ஃபோர்மேன் தழும்பைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்க, அப்பெண்டிக்ஸ் என்றாராம். அது முன்பக்கம் அல்லவா இருக்கும், இது விலாவைத் தாண்டிப் போகிறதே என்று அவன் விடவில்லை. தனக்கு அங்கேதான் இருந்தது என்று சாதித்துவிட்டார். எங்களிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெளியே சொல்ல முடியாமல் எனக்குத்தான் வயிறு வெடித்தது.

பிறகு ஒரு கேசட் வந்தது. சீதாலட்சுமியின் குரலில் தெம்பு வந்திருந்தது.

"அண்ணே, பக்கத்துல உக்காந்திருந்தப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே நீ. ஊரெல்லாம் நான்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். நீ பேசாம இருக்கறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஒரு தடவை சொல்லிக்காட்டுண்ணே. கேக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்ல."

டேப் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அம்மையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மீராசா டேப்பை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மையப்பன் ஒரு புதுக் கேசட்டைப் போட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"சீதா, நான் போட்ட வளையலைப் பத்திரமா வச்சிருக்கியா?"