பசுவின் விலைக்கு ஒரு கார்ப் பந்தயம்

ஆறு மணி நேரம் கார் ஓட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதைப் பெரிய சாதனை என்று மூன்று ஆண்கள் என் வீட்டு முன்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் அவர்களுக்குக் கத்தோ பிமா பொரித்துக்கொண்டிருந்தேன். பருப்பு வடையை அந்தப் பெயரில் சொன்னால்தான் எங்கள் வீட்டில் பசிக்கும்.

மூவரில் ஒருவர் என் கணவர், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். இன்னொருவர் எங்கள் ஊரான காத்ர் போர்னில் இரண்டு தெரு தள்ளி இருந்த நண்பர். மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுப்பவர். மூன்றாமவர் செமின் கிரனியே கிராமத்தில் கரும்பு லாரிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். எங்கள் தீவு நாட்டுக்குச் சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் என் கணவரும் மருந்தக நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்குச் சண்டை போட்ட காலம் அது. ஆனால் ஓட்டைக் கார்களுக்கு ஒரு பந்தயம் நடத்த வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனம்.

"பெரிய கரும்புத் தோட்ட முதலாளிங்க மட்டும்தான் ரேஸ் விடணுமா? நாட்டையே ஆளப்போறோம், நம்மால இது முடியாதா?" என்றார் என் கணவர்.

"ஆளும்போது பாத்துக்கலாம் ஃப்ரேர், முதல்ல ஸ்டார்ட் ஆவுதான்னு பாரு" என்றார் மருந்தக நண்பர். நாங்கள் பேசியதெல்லாம் கிரியோலில்தான், தமிழாக்கி எழுதுகிறேன். ஃப்ரேர் என்றால் சகோதரன்.

விதிகளை வகுப்பதற்கே நான்கு சனிக்கிழமைப் பிற்பகல்கள் ஆயின. வேகம் முக்கியமில்லை, ஆறு மணி நேரம் சாகாமல் ஓடி அதிகச் சுற்று போடும் வண்டிக்கு வெற்றி. காரின் மதிப்பு ஒரு கறவைப் பசுவின் விலையைத் தாண்டக்கூடாது. இது மெக்கானிக்கின் யோசனை. பசு என்ன விலை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கார் விலையில்தான் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்றார். அப்படியும் யாராவது ஓட்டைக் கூட்டுக்குள் நல்ல எஞ்சினை வைத்துக்கொண்டு வந்தால்? அதற்கும் ஒரு விதி. பந்தயம் முடிந்ததும், மைதானத்துக்கு வந்த யார் வேண்டுமானாலும் பசு விலையைக் கொடுத்து எந்தக் காரையும் வாங்கலாம்; உரிமையாளர் மறுக்கக்கூடாது.

இதையெல்லாம் நல்ல பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தது நான். ஆசிரியர் பயிற்சி வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை இதுதான்.

எழுதும்போதே அந்த விதி என்னை உறுத்தியது. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. அவளுக்கு இளைப்பு உண்டு. ஒருமுறை அவள் உதடு நீலம் பாரித்தபோது பஸ் நிற்காமல் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் பழைய கார் ஒன்றை வாங்கினோம். பந்தயத்துக்கு அது போகாது, அதற்கென்று தனியாக ஒரு உடைசல் வண்டி இருக்கிறது என்று என் கணவர் உறுதி சொல்லியிருந்தார். ஆனாலும் யார் வீட்டுக் காரோ விலைபோய், அந்த வீட்டில் என் குழந்தையைப் போல ஒரு குழந்தை இருந்தால் என்ன ஆகும்? கடைசியில் நானாகவே ஒரு விதியைச் சேர்த்தேன்: இப்படிக் காரை வாங்கியவர், விற்றவருக்கு வேறு கார் கிடைக்கும்வரை, அந்தக் குடும்பம் கூப்பிட்டபோதெல்லாம் தானே வந்து அழைத்துப் போக வேண்டும். அதிகப்பிரசங்கித்தனமோ என்று அழிக்கப் போனேன். அழிக்காமல் படித்துக் காட்டினேன். வாய் நிறைய வடையோடு மூவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள் உடைசல் வண்டியின் கியர் உடைந்தது.

"நம்ம வண்டிய எடுத்துக்கறேன், ஒரே ஒரு நாள்" என்றார் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாராவது வாங்கிட்டா?"

"எல்லாம் நம்ம ஆளுங்க. யாரு கேப்பாங்க?"

நம் ஆட்கள் கேட்க மாட்டார்களாம். அப்படியென்றால் நான்கு சனிக்கிழமை எதற்கு விதி எழுதினார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

செமின் கிரனியேக்கு வெளியே, கரும்பு வெட்டி முடிந்திருந்த வயல்களைச் சுற்றிய மண் பாதைதான் மைதானம். ஒன்பது கார்கள் வந்தன. கோயில் பூசாரி ஒவ்வொன்றின் முன்னும் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஒரு கார் தன் எலுமிச்சம்பழத்தைக்கூட நசுக்கவில்லை. எட்டுப் பேர் தள்ளியும் உறுமவில்லை. மருந்தக நண்பரின் வண்டி இரண்டாவது சுற்றில் கஞ்சிப் பானை போலப் பொங்கி நின்றது. இன்னொன்றின் கதவு ஒரு வயலிலும் வண்டி அடுத்த வயலிலும் கிடந்தன.

என் கணவர் அலுவலகத்துக்குப் போவது போல ஓட்டினார். முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. வளைவு வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சைகை காட்டினார், பின்னால் ஈ காக்கை இல்லாதபோதும். ஒரு வாத்துக் கூட்டம் கடந்து போகட்டும் என்று நிறுத்திக் காத்திருந்தார். நான் தூசிக்கு எட்டாத மாமரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் சுற்றுகளைக் குறித்தேன். ஆறு மணி நேரம் முடிந்தபோது ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு கார்கள். அதிகச் சுற்று எங்களுடையது. இதைத்தான் வெற்றி என்று சொல்லி அவரைத் தோளில் தூக்கினார்கள்.

இறக்கிவிட்டதும் மருந்தக நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். தயாராகத்தான் வந்திருந்தார்.

"ஃப்ரேர், இந்தா பசு. சாவியக் குடு."

"விளையாடாத."

"விளையாட்டா? நீ கையெழுத்துப் போட்ட விதி. அஞ்சு வருஷமா நான் தேடுன எஞ்சின் இது."

என் கணவர் என்னைப் பார்த்தார். குற்றமெல்லாம் எழுதியவள் மேல் என்பதுபோல. பிறகு, நாலு பேர் முன்னால் சொன்ன சொல் தவறாதவர் என்று பெயரெடுக்க, என் குழந்தையின் மூச்சை எடுத்து நண்பர் கையில் கொடுத்தார். அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட தாளை விரித்தேன். எழுந்து நின்று, நான் சேர்த்த விதியை உரக்கப் படித்தேன்.

நண்பர் சிரித்தார். "பெல்சேர், எப்ப வேணாலும் கூப்பிடுங்க!" பெல்சேர் என்றால் அண்ணி முறை.

கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை, அவர் மதியச் சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை மறுபடி. ஞாயிறு குட்டித் தூக்கத்தில் மறுபடி. "ஆயோ, இன்னைக்குமா?" என்றாள் அவர் மனைவி. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில் கேட்டதா, அல்லது எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்ததா என்று இன்றும் சத்தியம் செய்யத் துணியமாட்டேன்.

ஐந்தாவது முறை சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தை நாள் காலை. குழந்தையின் விலா எலும்புக்கடியில் தோல் உள்வாங்கியது, உதடு வெளுத்தது. நண்பர் அவளை ஒருமுறை பார்த்தார். செருப்புக்கூடப் போடவில்லை. சந்தை நெரிசலில் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், காய்கறிக் கூடைகளுக்கு நடுவே பாதி நடைபாதையில் ஏறி ஓட்டினார். அந்தக் கார் அவ்வளவு வேகம் போகும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். அரை மணியில் அவள் தண்ணீர் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு அவரே காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். "உங்க பசுவ நீங்களே கட்டிக்குங்க பெல்சேர். என்னால பாத்துக்க முடியல" என்றார். என் கணவர் அதே உறையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இருவரும் முன்னறையில் உட்கார்ந்து அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு விதிகளைத் திருத்தத் தொடங்கினார்கள். என்னை எழுதக் கூப்பிட்டார்கள். குழந்தை தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவள் விழித்துத்தான் இருந்தாள்.

கார் திரும்பி வந்துவிட்டது. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த இளைப்பு வந்த அன்று என் கணவர் வண்டியை எடுத்தார். பின் இருக்கையில் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முப்பது மைலில் அசையாமல் நின்ற முள்ளைப் பார்த்தேன். முனையில் திரும்பும்போது அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சைகை காட்டினார்.

"ஹாரன் அடிங்க" என்றேன்.

"முன்னால யாருமில்லையே" என்றார்.

"அடிங்க!" என்று கத்தினேன். கல்யாணமான பிறகு அவரிடம் நான் கத்தியது அதுவே முதல் தடவை. முள் நாற்பதைத் தொட்டது.