கீழே முகூர்த்தம், மேலே ஜப்பான்

தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் ஜப்பானிய கார்ட்டூனுக்கு ஒரு ரசிகர் விழா எடுத்தே தீருவது என்று கிளம்பிய ஐந்து பேரில் நானும் ஒருத்தி. இன்று அப்படிப்பட்ட விழாக்களில் நிற்க இடமில்லை. எங்களுடையது பிரிக்பீல்ட்ஸில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது.

நாள் பார்த்துக் கொடுத்தது என் அம்மா. "புதுசா ஒன்னு தொடங்குறீங்க, அஷ்டமி நவமியிலயா வைப்பீங்க?" என்று மளிகைக் கடை நாட்காட்டியைப் புரட்டி, வளர்பிறை முகூர்த்தமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தார். ஐவரில் நால்வர் தமிழர்கள். ஒருவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. போன மண்டபமெல்லாம் "அன்னைக்கு இல்லம்மா" என்று கையை விரித்தபோதும் உறைக்கவில்லை. கடைசியில் இந்த மாடி அகப்பட்டது.

"கீழ கல்யாணம் இருக்கு, பரவாலயா?" என்று மண்டபத்து அங்கிள் கேட்டார்.

"எங்களுக்கென்ன அங்கிள், அவங்க ஆளு கீழ, எங்க ஆளு மேலதான் லா," என்றேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்கத் தோன்றவில்லை. என் வாய் எப்போதும் அப்படித்தான், மூளைக்கு முன்னால் கிளம்பிவிடும்.

ஐவரில் என் உயிர்த்தோழியும் உண்டு. கிள்ளானில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாளில் மாலை டிவியில் மலாய் பேசிக்கொண்டு வந்த ஜப்பான் வீராங்கனைகளை நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவர்கள். விழாவின் வேட அணிவகுப்பில் போட, அந்த வீராங்கனை ஒருத்தியின் உடையை அவள் தைத்தாள். வெட்டி மிஞ்சிய பட்டுத்துணியில் நீல மேலங்கி, ஸ்பாஞ்சு வைத்த தோள்கவசம், ஓரமெல்லாம் வெள்ளிச் சரிகை. நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

விழா முடிந்த மறுமாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில். இந்த உடை விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் நடக்குமோ என்னவோ. ஒரே ஒரு தடவ மேடை ஏறிட்டா போதும்டி," என்பாள்.

அன்று காலை இரண்டு டிவிப் பெட்டிகளையும் ஒரு வீடியோ பிளேயரையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு பையன் இரண்டு பஸ் மாறி வந்தான். சீனப் பிள்ளைகள், மலாய் மாணவர்கள், செந்தூல் தமிழ்ப் பட்டாளம் என்று நாற்காலிகள் நிறைந்துவிட்டன. படம், பிரதிக்குப் பிரதி எடுத்த டேப். ஜப்பான் மொழி யாருக்கும் புரியாது. போதாக்குறைக்குக் கீழேயிருந்து நாதஸ்வரம். ராட்சத ரோபோ வாளை ஓங்கவும் கீழே கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்தது. மாடியே எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதன்பிறகு எந்த விழாவிலும் வாய்க்கவில்லை.

மதியம் அணிவகுப்பு. உடை மாற்றும் அறையில் இடமில்லாததால், தோழி முழு வேடத்தில் படிக்கட்டின் மேல்முனையில் நின்றாள். கீழே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் என்ன சத்தம் என்று பார்க்க மேலே வரத் தொடங்கினார்கள். அரக்குப் பட்டில் ஏறி வந்த ஓர் அம்மா பாதிப் படியில் நின்றுவிட்டார். தோழியின் வருங்கால மாமியார், கீழே கல்யாணத்துக்கு வந்தவர்.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

தோழி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இவ தைக்கத்தான் வந்தா ஆன்டி! போட வேண்டிய பொண்ணு இன்னும் வரல. அளவுக்குச் சும்மா போட்டுப் பாக்குறா."

அந்த அம்மா மேலங்கியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் தச்சிருக்க. சரி, அந்தப் பொண்ணு வரட்டும், நானும் பாத்துட்டே போறேன்," என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இனி அந்தப் பெண் வந்தே ஆகவேண்டும். கூட்டத்தில் ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவியைக் கெஞ்சி அழைத்து வந்தேன். தோழி உடையைக் கழற்றி, ஊக்கு குத்தி, அவளுக்கு அளவு சரிசெய்தாள். முதல் பரிசு அந்த உடைக்குத்தான். தோழி சுரிதாரில் திரையோரம் நின்று கைதட்டினாள். கையில் மீதி ஊக்குகள் இருந்தன.

"எப்படிக் காப்பாத்துனேன் பாத்தியா?" என்று மார்தட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த விழாக்களுக்கு அவள் வரவில்லை, கைக்குழந்தை என்றாள். சில வருடங்கள் கழித்து மேருவுக்கு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த மாணவி மேடையில் நிற்கும் படம் செருகியிருந்தது. தேநீர் கொண்டுவந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ண விட, அன்னைக்குப் படிக்கட்டுல நம்ம பிள்ள போட்டு நின்னதுதான் எடுப்பா இருந்துச்சு. இவளையே ஏத்தியிருக்கலாம் லா."

"நான்தான் போடப்போறேன்னு சொல்லத்தான் அத்த வாயத் தொறந்தேன். இவ முந்திக்கிட்டா," என்றாள் தோழி.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு மேடை. அதை நான், இன்று பெயர்கூட நினைவில்லாத ஒரு பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன்.