எந்த மாமா?

அத்தை அன்று காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. பூ வைத்தாள், எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டு, மறுபடி கழற்றிப் போட்டு உள்ளே போனாள். ஜப்பான் சாப்பாட்டுக்கா இத்தனை பரபரப்பு என்று அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்கோ அகோரப் பசி. வெளியே சாப்பிடப் போகிறோம் என்றால் காலையில் தோசையைத் தொடவே மாட்டேன், அப்படி ஒரு பிறவி நான்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கம்பெனி அனுப்பி இரண்டு வருடம் டோக்கியோவில் இருந்துவிட்டு, ஹைடெக் சிட்டி அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தாள். மாரெட்பள்ளியில் எங்களோடுதான் இருந்தாள். தாத்தா இல்லாததால் அவள் கல்யாணம் அப்பாவின் பொறுப்பு. மறு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வருகிறவர்களுக்குச் சார்மினார் காட்டுவதற்காக, திருமுல்கேரி அலுவலகத்தில் திங்கட்கிழமை லீவுகூடச் சொல்லிவிட்டார் அப்பா. இந்த நேரத்தில்தான், டோக்கியோவில் தான் ஆசை ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் நாங்களும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அத்தை எங்களை மாதாப்பூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய ஹோட்டல் எல்லாம் இல்லை. நம் மெஸ் மாதிரி நெருக்கியடித்த மேஜைகள். பரிமாறியவர் மணிப்பூர்க்காரர், என்னோடு இந்தியில் பேசினார். பச்சை மீன் வேண்டுமா என்று கேட்டார். நக்கோ என்றேன். வேண்டாம்னு தமிழ்ல சொன்னா நாக்கு சுளுக்கிடுமா என்று அம்மா முறைத்தாள்.

அத்தை மெனு அட்டையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். “அண்ணே” என்று ஆரம்பிப்பாள். அப்பா நிமிர்ந்ததும் ஏதாவது ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவாள். அதுவும் வந்து சேரும். இப்படியே மேஜையில் இடமில்லாமல் போயிற்று. அப்பாவுக்குக் கொண்டாட்டம். டெம்புராவைக் கடித்துப் பார்த்து, நம்ம பஜ்ஜிதான், என்ன, மிளகாய்ப்பொடி போட மறந்துட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். கோழிக் கட்லெட்டைக் குழம்புச் சோற்றில் புரட்டி எனக்கும் ஊட்டினார்.

அத்தை மறுபடியும் “அண்ணே” என்றாள். அப்பா நிமிர்ந்தார். அவள் அவசரமாக, “எடமாமே” என்றாள்.

அது பச்சைச் சோயாவைத் தோலோடு உப்புப் போட்டு அவித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாமா என்றுதான் காதில் விழுந்தது. அதிசயமாகத் தமிழிலேயே கேட்டேன்: “எந்த மாமா?”

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாமா இனிமேத்தான் வரணும்ட்டி. ஞாயித்துக்கிழம வாராருல்லா.”

“அவங்க வர வேண்டாம்ண்ணே” என்றாள் அத்தை. “கூட வேல பாக்கவரு ஒருத்தரு. வீடு இங்க லோத்குண்டாலதான். அவரத்தான் கட்டிக்கிடணும்னு இருக்கேன். பேரு அன்வர்.”

என் வகுப்பிலேயே இரண்டு அன்வர்கள் இருந்தார்கள். அதில் ஒருவன் என் ரப்பரைத் திருடுகிறவன். அதனால் அந்தப் பெயரில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எல்லோரும் ஏன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் புரியவில்லை. கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா மேஜைக்கடியில் என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

அப்பா தண்ணீர் குடித்தார். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றாள் அத்தை.

“முடிவு பண்ணிட்டியா?”

“ஆமாண்ணே.”

அப்பா தலையை ஆட்டினார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். அத்தையிடம், இங்கே உனக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் சொல்லு என்றார். அவள் தயங்கத் தயங்க, அவரே அட்டையில் விரல் வைத்துக் கேட்டுக் கேட்டு வரவழைத்தார். மீன் வந்ததும் முள் பார்த்து அவள் தட்டில் வைத்தார். வீட்டில் தனக்குத் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத மனிதர்! “நல்லா சாப்பிடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப பயந்துட்டேண்ணே என்றாள். அவர் கையை உதறவில்லை. அப்பாடா, திட்டு விழவில்லை என்று எனக்கு நிம்மதி. அம்மா மட்டும் அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாளே அத்தை பெட்டியோடு கச்சிபௌலியில் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். போகச் சொன்னது அப்பா. அதன்பின் எங்கள் வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அறுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட வைத்து அனுப்ப ஒரு மனிதருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

ஆனால் அப்போது நானா இதெல்லாம் கண்டேன்? எங்கள் அப்பாவுக்கு ஜப்பான் சாப்பாடு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.